வேலையும் மனநிறைவும்: சர் எம்.வி. வாழ்க்கை சொல்லும் பாடம்



அரசுத் துறையில் நான் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அரசு வேலை கிடைத்தால் லைஃப் செட்டில் என்கிறார்கள். சம்பளம், குவார்ட்டர்ஸ், பென்ஷன் எல்லாம் சரி. ஆனால் மனநிறைவு? அதற்குப் பதில் தேடும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் சர் மோட்சகுண்டம் விஸ்வேஸ்வரய்யா. செப்டம்பர் 15 இன்ஜினியர்ஸ் டே என்று கொண்டாடுகிறோமே, அது அவர் பிறந்த நாள்தான்.

1861-ல் முத்தேனஹள்ளியில் பிறந்தார். சின்ன வயதிலேயே தந்தையை இழந்தவர். டியூஷன் சொல்லிக்கொடுத்துத்தான் பெங்களூரில் படித்தார். பூனாவில் இன்ஜினியரிங் முடித்து, 1884-ல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளரானார்.

அந்த வேலையில் ஆழ்ந்துபோனார் மனிதர். சிந்து நதிக்கரையில் சுக்கூருக்குக் குடிநீர் கொண்டுவந்தார். பூனா அருகே கடக்வாஸ்லா அணையில் 1903-ல் அவர் வடிவமைத்த தானியங்கிக் கதவுகள் பொருத்தப்பட்டன. வெள்ளம் குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டினால் கதவு தானே திறக்கும், வடிந்தால் தானே மூடும். அணையின் சுவரை உயர்த்தாமலேயே கூடுதல் தண்ணீரைத் தேக்க முடிந்தது.

ஆனால் தலைமைப் பொறியாளர் நாற்காலி அந்நாளில் ஆங்கிலேயருக்கு மட்டும்தான். எவ்வளவு உழைத்தாலும் அதற்கு மேலே போக வழியில்லை. 1908-ல், இன்னும் பல வருட சர்வீஸ் மீதி இருக்கும்போதே விலகினார். அதே ஆண்டு மூசி நதி வெள்ளம் ஹைதராபாத்தைச் சூறையாடியிருந்தது. அந்த ஊருக்கு வெள்ளத்தடுப்புத் திட்டம் தீட்டிக் கொடுத்தார்.

பிறகு மைசூர் சமஸ்தானம் தலைமைப் பொறியாளராக அழைத்தது. யாராயிருந்தாலும் உடனே ஓடியிருப்போம். இவரோ, தொழிற்கல்விக்கும் தொழில் வளர்ச்சிக்கும் பாடுபட இடம் கிடைக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் 1909-ல் சேர்ந்தார். காவிரியில் கிருஷ்ணராஜ சாகர் திட்டத்துக்குப் பணம் ஒதுக்க சமஸ்தானம் தயங்கியது. அப்போதும் வேலையை விட்டுவிடத் தயாரானார். மகாராஜா தலையிட்டு ஒப்புதல் தந்ததும் 1911-ல் வேலை தொடங்கியது. 1912-ல் திவானே ஆகிவிட்டார். மைசூர் வங்கி, மைசூர் பல்கலைக்கழகம், பெங்களூரில் ஓர் இன்ஜினியரிங் கல்லூரி எல்லாம் அந்த ஆறு வருடங்களில் பிறந்தவை.

1918-ல் மீண்டும் ஒரு விலகல். சமஸ்தானத்து உத்தியோகங்களில் பிராமணர்களே மிக அதிகம். மற்ற சமூகத்தாருக்கும் இடம் தர வழி காண மகாராஜா மில்லர் கமிட்டியை அமைத்தார். திறமை குறைந்துவிடும் என்று எம்.வி. கருதினார். மகாராஜா கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எம்.வி. திவான் பதவியைத் துறந்தார்.

இந்த இடத்தில் நான் அவர் கட்சி இல்லை. பிறப்பைக் காட்டிக் கதவைச் சாத்தினால் எப்படி வலிக்கும் என்பது பம்பாயில் அவருக்கே தெரியும். மைசூரில் அதே வலியோடு வெளியே நின்றவர்கள் ஆயிரமாயிரம் பேர். அவர்களுக்குக் கதவு திறந்தது நியாயம்தான். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மனசுக்கு ஒவ்வாத கொள்கையை நாற்காலிக்காகச் சுமந்துகொண்டு, உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டு, ஃபைலில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை அவர்.

வேலை மீதிருந்த ஆசையும் போகவில்லை. பத்ராவதி இரும்பாலை நஷ்டத்தில் தள்ளாடியபோது 1923-ல் திரும்பி வந்து பொறுப்பேற்று அதை நிலைநிறுத்தினார். 1955-ல் பாரத ரத்னா. 1962-ல் மறையும்போது வயது நூறைத் தாண்டியிருந்தது.

தம்பி தங்கைகளே, அவர் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். எதை மதித்து வேலைக்குப் போகிறோம் என்பது நமக்கே தெளிவாக இருந்தால், சாதாரண உத்தியோகமும் இனிக்கும். தெளிவில்லை என்றால் திவான் பதவியும் கசக்கும். அதோடு, நாம் மதிப்பது நமக்கு மட்டும் நியாயமா, வாசலுக்கு வெளியே நிற்பவருக்கும் நியாயமா என்றும் அடிக்கடி உரசிப் பார்க்க வேண்டும். இன்டர்வியூவுக்குக் கிளம்பும் முன் இந்த இரண்டையும் யோசியுங்கள்.



– முன்னாள் மாணவன், சிவில் துறை