மனநிறைவின் மலர்: குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள்



திருமுழுக்கு, திருமணம், நோயில் பூசுதல், அடக்கம் என்று உங்கள் இல்லங்களுக்கு வந்து போகும் குருவாகிய நான், எங்கும் ஒரே குறையைத்தான் கேட்கிறேன். ஓலைக் குடிசையில் ஒன்றும் இல்லையே என்ற ஏக்கம். மாடி வீட்டில் எல்லாம் இருந்தும் நிம்மதி இல்லையே என்ற ஏக்கம். மனநிறைவு என்பது எங்கேதான் கிடைக்கிறது? நம் ஆலயத்தின் யூபிலி மலரில் இக்கேள்விக்குப் பிரசங்கம் ஒன்றை எழுதுவதைவிட, ஒரு வாழ்க்கையைக் காட்டுவதே மேல் என்று எண்ணினேன். கையில் ரோஜா மலர்களும் பாடுபட்ட சுரூபமும் ஏந்தி நிற்கும் குழந்தை தெரேசம்மாளின் படம் நம்மில் பலர் வீட்டில் உண்டு. ஆனால் அந்தப் புன்னகைக்கு அவர் கொடுத்த விலையை அறிந்தோர் சிலரே.

பிரான்சு நாட்டில் அலன்சோன் என்னும் நகரில் 1873-ம் ஆண்டு ஜனவரி 2-ம் நாள் தெரேசா பிறந்தார். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்தவர். தாய் செலி, பெயர் பெற்ற அலன்சோன் லேஸ் பின்னல் தொழிலை நடத்தியவர். ஒன்பது பிள்ளைகளில் நால்வரை அவர்கள் சிறு வயதிலேயே அடக்கம் செய்தார்கள். எஞ்சிய ஐந்து பெண்களில் கடைக்குட்டி தெரேசா. அவருக்கு நான்கரை வயது நடக்கும்போது, 1877-ம் ஆண்டில், தாயும் புற்றுநோயால் இறந்தார். குடும்பம் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது. தாயின் இடத்தில் நின்று வளர்த்த அக்காள் பவுலினும் 1882-ல் கார்மேல் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டார். இரண்டாம் முறையாகத் தாயை இழந்தது போல் ஆயிற்று. மறு ஆண்டு சிறுமி கடும் நோயுற்றார். தேவமாதாவின் சுரூபம் தம்மை நோக்கிப் புன்னகை செய்யக் கண்டு 1883 மே 13-ம் நாள் குணமானார்.

உடல் தேறினாலும் மனம் தேறவில்லை. தொட்டதற்கெல்லாம் அழுவார். அழுததை நினைத்து மீண்டும் அழுவார். 1886-ம் ஆண்டு கிறிஸ்மஸ் நள்ளிரவுப் பூசை முடிந்து வீடு திரும்பியபோது, களைத்திருந்த தந்தை, காலணியில் பரிசு வைக்கும் இந்தச் சிறுபிள்ளைப் பழக்கம் இந்த ஆண்டோடு முடிந்தால் நல்லது என்று சலித்துக்கொண்டார். அது மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த மகளின் காதில் விழுந்தது. கண்களில் நீர் முட்டியது. ஆனால் அன்று அவர் கண்ணீரை அடக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்து, சிரித்த முகத்தோடு பரிசுகளைப் பிரித்துத் தந்தையை மகிழ்வித்தார். தம்மை மறந்து பிறரை மகிழ்விக்கத் தொடங்கிய அந்த இரவிலிருந்தே தமக்கு மகிழ்ச்சி பிறந்தது என்று பிற்காலத்தில் அவரே எழுதி வைத்தார்.

பதினைந்து வயதிலேயே கார்மேல் மடத்தில் சேர வேண்டும் என்பது அவர் ஆசை. வயது போதாது என்றார்கள். மேற்றிராணியாரிடம் சென்றும் முடிவு கிடைக்கவில்லை. 1887 நவம்பர் 20-ம் நாள் உரோமையில் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரின் முன் முழந்தாளிட்டு, பேசக்கூடாது என்ற கட்டளையையும் மீறி அனுமதி கேட்டார். கடவுளுக்குச் சித்தமானால் நடக்கும் என்பதே கிடைத்த பதில். காவலர் அவரைத் தூக்கி அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. அழுதார். ஆயினும் உள்ளத்தின் ஆழத்தில் அமைதி இருந்தது. குழந்தை இயேசுவின் விளையாட்டுப் பந்தாகத் தம்மை ஏற்கெனவே ஒப்புக்கொடுத்திருந்தார். பந்தை எறிவதும் மூலையில் போட்டு வைப்பதும் குழந்தையின் விருப்பமல்லவா? 1888 ஏப்ரல் 9-ம் நாள் அவருக்கு மடத்தின் கதவு திறந்தது.

திறந்த கதவுக்கு அப்பால் இன்பம் காத்திருந்தது என்று நினைக்காதீர்கள். ஓர் அறை தவிர மற்ற இடங்களில் கணப்பு இல்லாத மடம். நார்மண்டிக் குளிர் எலும்பைத் துளைத்தது. 1889-ல் அவருடைய அன்புத் தந்தை அறிவு தடுமாறி, கான் நகரின் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பெண்களெல்லாம் மடத்துக்குப் போனதால்தான் இந்தக் கதி என்று ஊரார் சிலர் பேசிக்கொண்டார்கள். சிறைக்கம்பி போன்ற அழிகளுக்குள் இருந்த மகளால் போய்ப் பார்க்கவும் முடியவில்லை. 1894-ல் தந்தை இறந்தார்.

இத்தனைக்கும் நடுவே அவர் கண்டுபிடித்ததுதான் சிறு வழி. பெரிய தவங்கள் செய்யத் தமக்குப் பலமில்லை என்று அறிந்தார். அதனால் மனம் உடையவில்லை. செல்வர் வீடுகளில் மாடிக்கு ஏற்றிச் செல்லும் லிப்ட் அந்நாளில் புதுமை. புனிதத்தின் படிகளில் ஏற முடியாத குழந்தையாகிய தமக்கு இயேசுவின் கரங்களே லிப்ட் என்று கொண்டார். குழந்தை செய்ய வேண்டியது கைகளை உயர்த்துவது மட்டுமே.

அந்தக் கைகளை அவர் உயர்த்திய விதத்தைப் பாருங்கள். அவர் அறையிலிருந்த அழகான தண்ணீர் ஜாடியை யாரோ எடுத்துக்கொண்டு, விளிம்பு உடைந்த பெரிய ஜாடியை வைத்தார்கள். அதை மகிழ்ச்சியோடு ஏற்றார். ஓரிரவு அவருடைய விளக்கைத் தவறுதலாக வேறொருவர் கொண்டு போனார். இருளில் உட்கார்ந்து, ஏழ்மை என்பது இதுதான் என்று நன்றி கூறினார். துணி துவைக்கும்போது எதிரே நின்ற சகோதரி அழுக்கு நீரை முகத்தில் தெறித்துக்கொண்டே இருந்தார். முகம் சுளிக்காமல் நின்றார். இயல்பாகவே தமக்குப் பிடிக்காத ஒரு சகோதரியிடம் அவர் காட்டிய இனிமையைக் கண்டு, தன்மேல் இவருக்கு என்ன இத்தனை பிரியம் என்று அச்சகோதரியே வியந்து கேட்டாராம்! கிடைக்காததை எண்ணி ஏங்குவது விட்டு, கிடைத்ததை இயேசுவுக்குக் கொடுப்பதே அவர் கண்ட மனநிறைவு.

1896-ம் ஆண்டு பெரிய வியாழன் இரவு. விளக்கை அணைத்துப் படுத்ததும் வாயில் ஏதோ கொப்பளித்து வந்தது. விளக்கேற்றிப் பார்க்கவில்லை. விடிந்ததும் பார்த்தால் இரத்தம். காசநோய். விண்ணக மணவாளன் அழைக்கிறார் என்று மகிழ்ந்தார். ஆனால் உயிர்ப்புத் திருவிழாவை அடுத்து மற்றொரு சோதனை வந்தது. மோட்சம் என்ற நினைவே இனித்திருந்த அந்த உள்ளத்தில், மோட்சமே இல்லையோ என்ற காரிருள் சூழ்ந்தது. ஒரு நாள் அல்ல, ஒரு வாரம் அல்ல. சாகும் வரை ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக் காலம்! அவர் விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சருகே வைத்துக்கொண்டார். விசுவாசத்தின் இனிமையை உணரவில்லை; விசுவாசத்தை விடவும் இல்லை. நம்பிக்கையற்றோரின் மேசையில் அவர்களோடு அமர்ந்து, அவர்களுக்காக அந்தக் கசப்பை உண்ணச் சம்மதித்தார். வேதனையின் உச்சத்தில், விசுவாசம் இல்லாதவர்கள் தற்கொலை செய்துகொள்வதில் வியப்பில்லை என்றுகூடச் சொன்ன அவர், உடனிருந்தோரைத் தொடர்ந்து சிரிக்க வைத்தார்.

அவர் நோயுற்றிருந்தபோது, இவர் இறந்தால் தாயார் இவரைப்பற்றி எழுத என்ன இருக்கிறது என்று ஒரு சகோதரி கேட்டதாகச் சொல்வார்கள். உண்மைதான், வெளியில் ஒன்றும் இல்லை. 1897 செப்டம்பர் 30-ம் நாள், இருபத்து நான்காம் வயதில், இயேசுவின்மீது தமக்குள்ள அன்பை அறிக்கையிட்டவாறே உயிர் நீத்தார்.

கீழ்ப்படிதலுக்காக அவர் எழுதி வைத்த நினைவுகள் 1898-ல் ஓர் ஆன்மாவின் வரலாறாக வெளிவந்து உலகெங்கும் பரவின. பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1925-ல் அவரைப் புனிதராக உயர்த்தினார். மடத்துக்குள்ளேயே வாழ்ந்து, தொலைநாட்டு வேதபோதகர்களுக்காகச் செபித்த அவர், 1927-ல் புனித சவேரியாரோடு மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியானார். 1997-ல் இரண்டாம் அருள் சின்னப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். 2015-ல் அவருடைய பெற்றோரும் புனிதர் நிலை பெற்றனர்.

அன்பார்ந்தவர்களே! இந்த மலரில் பீடம் கட்டியவர், மணி வாங்கித் தந்தவர், தூண் எழுப்பியவர் பெயர்கள் இருக்கின்றன. நன்றியோடு நினைப்போம். ஆனால் சனிக்கிழமைதோறும் ஆலயத்தைப் பெருக்கிய கைகளின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. படுக்கையில் கிடக்கும் மாமியாரைக் குளிப்பாட்டிவிட்டு, தாமதமாய்ப் பூசைக்கு வந்து கடைசி வரிசையில் நிற்கும் மருமகளின் பெயரும் இதில் இல்லை. செபிக்க உட்கார்ந்தால் ஒன்றும் தோன்றவில்லையே, என் விசுவாசம் செத்துவிட்டதோ என்று என்னிடம் வந்து அழுதவர்களும் உண்டு. உங்கள் அனைவருக்கும் தெரேசம்மாள் உடன்பிறப்பு. மனநிறைவு என்பது துன்பம் தீர்ந்தபின் கிடைக்கும் கூலி அல்ல. இருட்டிலும் விடாமல் பிடித்திருக்கும் கரம் ஒன்று உண்டு என்று நம்புவதே அது.

உடைந்த ஜாடி இன்று நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது. அதைப் புன்னகையோடு ஏற்கும் வரத்தை, சிறுமலராம் தெரேசம்மாளின் மன்றாட்டால் இறைவன் நமக்குத் தருவாராக!

இறையாசீருடன்,
உங்கள் பங்குக் குரு