சிண்ட்ரெல்லாவுக்கு முன்பே அகலிகை: பழங்கதையை ஹாரர் ஆக்கிய புதுமைப்பித்தன் யார்?

குழந்தைகளின் செல்லக் கரடி வின்னி தி பூ, 2023-ல் கொலைகாரனாகத் திரைக்கு வந்தது. 2025-ல் நார்வே இயக்குநர் எமிலி ப்ளிக்ஃபெல்ட், சிண்ட்ரெல்லாவை ஓரமாக நிறுத்திவிட்டு அவளுடைய மாற்றாந்தாய் மகளை நாயகியாக்கினார். அழகாக வேண்டும் என்பதற்காகத் தன் உடம்பையே சிதைத்துக்கொள்ளும் பெண்ணின் கதையாக ‘தி அக்லி ஸ்டெப்சிஸ்டர்’ வந்தது. தூங்கவைக்கச் சொன்ன கதைகளைத் தூக்கத்தைக் கெடுக்கும் படங்களாக மாற்றுவதுதான் இப்போது ட்ரெண்ட்.

தமிழில் இந்த வேலையை ஒருவர் 1943-லேயே பார்த்துவிட்டார். கேமரா இல்லை, மேக்கப் இல்லை. ஒரு சிறுகதை, அவ்வளவுதான். எழுதியவர் புதுமைப்பித்தன்.

நெல்லைக்கு எப்படி வந்தார்?

இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906 ஏப்ரல் 25 அன்று திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். அப்பா சொக்கலிங்கம் பிள்ளை அரசு ஊழியர். அவருக்கு மாற்றல் வந்த ஊரெல்லாம் பையனுக்கும் பள்ளிக்கூடம் மாறியது. எட்டு வயதில் அம்மா இறந்துபோக, வீட்டுக்குச் சித்தி வந்தார். அப்பா ஓய்வுபெற்றபின் 1918-ல் குடும்பம் சொந்தச் சீமையான திருநெல்வேலிக்கே திரும்பியது. வண்ணார்பேட்டையில் வாசம், இந்துக் கல்லூரியில் படிப்பு. பி.ஏ. முடித்தபோது 1931, வயது 25. அந்தக் காலக் கணக்குப்படி கொஞ்சம் தாமதம்தான். நாவல்களைப் படித்த வேகத்தில் அவர் பாடப் புத்தகங்களைப் படிக்கவில்லை.

வண்ணார்பேட்டை தாமிரபரணிக் கரை. அதே ஆற்றோடு கிழக்கே போனால் சீவலப்பேரி. இன்றைய தலைமுறைக்கு அந்த ஊர் என்றால் 1994-ல் வந்த ‘சீவலப்பேரி பாண்டி’ படம்தான் ஞாபகம் வரும். ஆனால் அது அதைவிடப் பழைய கதைகளின் ஊர். முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் இதுதான். குற்றாலத்திலிருந்து இறங்கி வரும் சிற்றாறு தாமிரபரணியில் கலப்பதும் இங்கேதான். (குற்றாலத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.) எல்லாவற்றுக்கும் மேலாக, சீவலப்பேரி சுடலைமாடன் கோயில்.

சுடலையின் கதையைக் கேட்டிருக்கிறீர்களா? பார்வதி பிள்ளை வரம் கேட்கிறாள். விளக்குச் சுடரிலிருந்து பிறக்கிறது குழந்தை. தாய்ப்பால் அதன் பசிக்குப் போதவில்லை. நள்ளிரவில் தொட்டிலை விட்டு இறங்கி, சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்றுவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் மறுபடி வந்து படுத்துக்கொள்கிறது. உடம்பில் வீசும் பிண வாடை காட்டிக்கொடுக்கிறது. இனி இதைக் கைலாயத்தில் வைத்திருக்க முடியாது என்று பூமிக்கு அனுப்பிவிடுகிறார்கள். இந்தக் கதையைக் கொடை விழா இரவுகளில் வில்லடித்துப் பாடுவார்கள். பிள்ளைகள் தூங்காமல் உட்கார்ந்து கேட்கும். சாமி கதையும் பேய்க் கதையும் தனித்தனி அலமாரியில் இருக்காத சீமை அது. புதுமைப்பித்தனைப் படிக்க இதைத் தெரிந்துகொள்வது முக்கியம்.

டெஸ்க் வேலையும் பேய்க் கதையும்

1932-ல் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலாவுடன் கல்யாணம். வேலை இல்லை, அப்பாவுடன் ஒத்துப்போகவும் இல்லை. சென்னைக்குக் கிளம்பினார். ‘மணிக்கொடி’யில் 1934 முதல் கதைகள் வரத் தொடங்கின. ‘மணிக்கொடி’ பெயர் கொடுத்தது, சோறு போடவில்லை. கொஞ்ச நாள் ‘ஊழியன்’, அப்புறம் ‘தினமணி’ உதவி ஆசிரியர், 1943-ல் அங்கிருந்து விலகி ‘தினசரி’. பகலில் தந்திச் செய்திகளை மொழிபெயர்ப்பது, புத்தக மதிப்புரை எழுதுவது, மலர் தயாரிப்பது என்று பத்திரிகை ஆபீஸ் வாழ்க்கை. கமலா பல காலம் திருவனந்தபுரத்தில் இருந்தார். வாழ்க்கையில் பாதி கடிதங்களில்தான் நடந்தது.

இதற்கு நடுவில்தான் கிட்டத்தட்ட நூறு கதைகள். எல்லாம் பேய்க் கதைகள் இல்லை. ஆனால் பழைய கதை ஒன்று கையில் சிக்கினால் அவர் சும்மா விட மாட்டார். விக்கிரமாதித்தனைப் பாடாய்ப்படுத்திய வேதாளத்தை ‘வேதாளம் சொன்ன கதை’யில் நக்கலடித்தார். ‘பிரம்ம ராக்ஷஸ்’ அசல் இருட்டு. மேரி ஷெல்லியின் ஃப்ராங்கன்ஸ்டைனை ‘பிரேத மனிதன்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தவரும் இவர்தான். அந்தத் தலைப்பே பாதி வேலையை முடித்துவிடுகிறது, இல்லையா?

1943-ல் ‘கலைமகள்’ இதழில் ‘காஞ்சனை’ வந்தது. கதை எழுதிப் பிழைக்கும் ஒருவர். பிச்சை கேட்டு வந்த ஒரு பெண்ணை அவர் மனைவி இரக்கப்பட்டு வீட்டு வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறாள். ராத்திரிகளில் வீட்டுக்குள் பிண வாடை. நடப்பது நிஜமா, தூக்கமில்லாத எழுத்தாளரின் மனப்பிராந்தியா என்பதைக் கடைசிவரை சொல்ல மாட்டார். (ராகவா லாரன்ஸின் ‘காஞ்சனா’வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) சுடலை கதையிலிருந்து நேராக எடுத்தார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வாடை நெல்லைக்காரர்களுக்குப் புதிதல்ல.

கல்லானவள் ஏன் மறுபடி கல்லானாள்?

அதே 1943-ல், அதே ‘கலைமகள்’ இதழில் வந்ததுதான் ‘சாப விமோசனம்’. பேய் கிடையாது, பிசாசு கிடையாது. ஆனாலும் அவர் எழுதியதிலேயே பயங்கரமான கதை இதுதான்.

அகலிகை கதை நம் வீடுகளில் குழந்தைக்குக்கூடத் தெரியும். கௌதமர் வேடத்தில் இந்திரன் வந்தான், முனிவர் சபித்தார், கல்லானாள், ராமன் பாதம் பட்டு எழுந்தாள். சுபம். புதுமைப்பித்தன் சுபத்துக்கு அடுத்த நிமிடத்தில் ஆரம்பிக்கிறார்.

எழுந்த பிறகு என்ன ஆகும்? யார் என்ன பேசினாலும் அதற்குள் வேறு அர்த்தம் இருக்குமோ என்று அகலிகை பயப்படுகிறாள். எதிரில் வரும் ஆண் முகமெல்லாம் இந்திரனாகத் தெரிகிறது. மற்ற ரிஷி பத்தினிகள் அவளைக் கண்டால் விலகுகிறார்கள். கௌதமர் கொடுமைக்காரர் இல்லை, நல்லவர், மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டவர். அதுதான் இன்னும் வேதனை. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநிலை என்று இன்று ஒரு மனநல மருத்துவர் சொல்லக்கூடிய ஒன்றை, அந்தச் சொற்கள் எதுவும் இல்லாமல் எழுதியிருக்கிறார்.

அவளுக்கு இருக்கும் ஒரே பிடி ராமன். தன்னைக் குற்றமற்றவள் என்று ஏற்றுக்கொண்ட ஒருவன் உலகத்தில் இருக்கிறான். வனவாசம் முடிந்து சீதையும் அவனும் பார்க்க வருகிறார்கள். பேச்சுவாக்கில் சீதை, தான் தீக்குளித்ததைச் சொல்கிறாள். அவனா கேட்டான் என்பதுதான் அகலிகையின் அதிர்ச்சி. தனக்கு ஒரு நியாயம், சீதைக்கு ஒரு நியாயமா? அப்படியானால் தன்னை விடுவித்தது என்ன? அன்று குடிசைக்குள் ஆசையோடு வரும் கௌதமர் அவள் கண்ணுக்கு இந்திரனாகத் தெரிகிறார். அவள் மறுபடி கல்லாகிறாள். இந்த முறை யாரும் சபிக்கவில்லை.

கிளைமாக்ஸைச் சொல்லிவிட்டோமே என்று வருத்தப்பட வேண்டாம். தெரிந்து படித்தாலும் அடி விழும். ராமாயணம் அறிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகலாம், அதைப் பற்றிக் கவலை இல்லை என்ற தொனியில் கதைக்கு முன்னாலேயே ஒரு குறிப்பும் போட்டுவைத்தார். 1934-லேயே ‘அகல்யை’ என்று ஒரு கதை எழுதியிருந்தார். அதில் கௌதமர் மன்னிப்பதோடு விஷயம் முடிந்துவிடும். ஒன்பது வருடத்தில் மன்னிப்பு போதாது என்ற இடத்துக்கு வந்துசேர்ந்திருக்கிறார்.

சினிமா என்ன செய்தது?

இப்படி ஒரு ஆள் சினிமாவுக்குப் போனால் என்ன ஆகும்? 1940-களின் நடுவில் போகத்தான் செய்தார். பத்திரிகைச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியவில்லை. ஜெமினியின் ‘அவ்வையார்’ படத்துக்கு எழுதினார். அந்தப் படம் வெளியானது 1953-ல். ‘காமவல்லி’க்கும் எழுதினார்.

அடுத்தவர் படத்துக்கு வசனம் எழுதி அலுத்து, சொந்தமாகவே பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ் தொடங்கினார். எடுக்க நினைத்த படம் ‘வசந்தவல்லி’. குற்றாலக் குறவஞ்சியின் நாயகி அவள். சீவலப்பேரியில் முடியும் சிற்றாற்றின் தொடக்கத்துக்கே போய்க் கதை தேடியிருக்கிறார். கையில் காசு இல்லாத ஆள் படக் கம்பெனி நடத்தினால் என்ன நடக்குமோ அது நடந்தது. படம் வரவில்லை. வந்திருந்தால் அவர் குறவஞ்சியை என்ன செய்திருப்பார் என்பது தமிழ் சினிமாவின் பெரிய ‘மிஸ்’களில் ஒன்று.

அப்போது சிறையிலிருந்து விடுதலையாகியிருந்த எம்.கே. தியாகராஜ பாகவதர், ‘ராஜமுக்தி’ படத்தைப் புனேயில் எடுத்தார். வசனம் எழுதப் புதுமைப்பித்தன் அங்கே போனார். ஏற்கெனவே தளர்ந்திருந்த உடம்பைக் காசநோய் முழுசாகப் பிடித்துக்கொண்டது. எலும்பும் தோலுமாகத் திருவனந்தபுரம் திரும்பினார். வீட்டில் கமலா, 1946-ல் பிறந்த மகள். வைத்தியத்துக்குப் பணம் கேட்டு நண்பர்களுக்குக் கடிதம் எழுத வேண்டிய நிலை. 1948-ல் அங்கேயே இறந்தார். வயது 42. ‘ராஜமுக்தி’ திரைக்கு வந்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து. ஓடவில்லை.

1979-ல் அவருடைய ‘சிற்றன்னை’ குறுநாவலைத் தழுவி மகேந்திரன் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தார். எட்டு வயதில் அம்மாவை இழந்த பையன் எழுதிய கதைக்குச் ‘சிற்றன்னை’ என்று பெயர் என்பதையும் கவனிக்கலாம்.

2002-ல் தமிழக அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது. மதுரைத் திட்டம் தளத்திலேயே கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. போனில் படிப்பவர்கள் ‘சாப விமோசனம்’ கதையிலிருந்து தொடங்கலாம். ‘காஞ்சனை’யை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.