நட்சத்திரம் மங்கும் நேரத்தைக் குறித்தவர்

பிரிட்றிக் ஆர்கெலாண்டர் 1799 இல் பால்டிக் கடலோர மேமல் நகரில் பிறந்தவர். இன்று அது லித்துவேனியாவின் கிளைப்பேடா. நெப்போலியனிடம் தோற்ற பிரஷ்ய அரச குடும்பம் இடம்பெயர்ந்து வந்தது அங்கேதான். பட்டத்து இளவரசர் ஆர்கெலாண்டர் வீட்டில் தங்கினார், சிறுவர்கள் நண்பர்களானார்கள். பின்னாளில் பொன் நகரில் வான் அவதான நிலையம் எழ அந்த நட்பு உதவியது.

கோனிக்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் அவர் முதலில் படித்தது அரச நிதி நிர்வாகம். வணிகம் படித்த எமக்கு இதில் ஒரு சின்னச் சந்தோசம். பேராசிரியர் பெசல்தான் அவரை வானியலுக்கு இழுத்தவர். பின்லாந்தின் துர்க்கு நகரில் வேலை செய்தபோது, 1827 இல் நகரமே எரிந்தது. பிறகு ஹெல்சிங்கி, 1837 இல் பொன். மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்களின் அட்டவணைதான் அவருக்குப் பெரும் புகழ் தந்தது. நாம் சொல்ல வருவது வேறொன்று.

யாழ் மண்டலத்தில் (பெயரைக் கேட்டாலே எமக்கு ஊர் ஞாபகம் வரும்) பீற்றா லைரே என்றொரு நட்சத்திரம் உண்டு. உண்மையில் இரண்டு; ஒன்றையொன்று சுற்றி மறைப்பதால் ஏறத்தாழ 13 நாளுக்கொரு முறை ஒளி நன்றாக மங்கும். 1784 இல் இங்கிலாந்தில் குட்ரிக் இந்த மாற்றத்தைக் கண்டார். ஆர்கெலாண்டர் அருகிலுள்ள நட்சத்திரங்களோடு கண்ணால் ஒப்பிட்டு, ஆண்டுக்கணக்காகக் குறித்தார். பழைய பதிவையும் புதியதையும் பொருத்தியபோது சுற்றுக்காலம் நீண்டு போவது தெரிந்தது. ஆண்டுக்கு 19 செக்கன் அளவில் கூடுகிறது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் பொருள் வழிந்தோடுவதே காரணம்.

ஆனால் பொருத்துவதற்கு, எந்த மணிக்கூட்டின் நேரம் என்று தெரிய வேண்டுமே! அன்றைய ஜேர்மனியில் ஊருக்கொரு நேரம். பொன் நேரம் கிரீனிச்சுக்கு 28 நிமிடம் முந்தியது. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வந்தது 1893 ஏப்ரல் 1 இல். ஆர்கெலாண்டர் 1875 இலேயே காலமாகிவிட்டார். வானியலாளரின் நாள் நண்பகலில் தொடங்கியது வேறு. அவர்கள் ஏட்டில் மார்ச் 3, 14 மணி என்றால் மற்றவர்களுக்கு மார்ச் 4 அதிகாலை 2 மணி. 1925 இல்தான் இது மாறியது. எமக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1996 இல் கொழும்பு மணிக்கூட்டை முன்தள்ளியது; வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்காமல் எதையும் ஒழுங்குசெய்ய முடியாது. 2006 வரை அப்படித்தான்.

பூமியும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அது சூரியனுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்து நட்சத்திர ஒளி 8 நிமிடம் வரை முந்தியோ பிந்தியோ வரும். ஆகவே சூரியனில் நின்று பார்த்ததுபோல் நேரத்தைத் திருத்துவார்கள். திகதிக்குப் பதில், கி.மு. 4713 இலிருந்து விடாமல் எண்ணும் யூலியன் நாள் இலக்கம் இடுவார்கள். எமது தொழிலில் வவுச்சருக்கு இடும் தொடர் இலக்கம் மாதிரி. இப்போது லீப் செக்கன் வேறு. வானியலின் சீரான நேரத்துக்கும் எமது கைத்தொலைபேசி காட்டும் நேரத்துக்கும் இடையில் மணி வித்தியாசம் போக இன்னும் 69 செக்கன் இடைவெளி.

1844 இல் ஆர்கெலாண்டர், ஒளி மாறும் நட்சத்திரங்களைக் கவனிக்க வாருங்கள் என்று வானியல் ஆர்வலர்களை அழைத்தார். ஜேர்மனியில் இன்றும் ஆர்வலர்கள் மங்கும் நேரங்களைக் குறித்து அனுப்புகிறார்கள். அது எந்த நேரம், சூரியனுக்குத் திருத்தியதா என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும்.