சட்டம் கற்பித்த அம்பேத்கர்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியில் இராமானுசர் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றதாக வைணவ மரபு கூறும். அத்தகைய கல்வியின் கதவு பிறப்பைப் பார்த்தே திறந்தது. அக்கதவைச் சட்டத்தின் துணையோடு தகர்க்க முனைந்தவர் அண்ணல் அம்பேத்கர்.

1918இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானபோது, பொதுப் பானையில் அவர் நீர் அருந்துவதைச் சக பேராசிரியர்கள் எதிர்த்தனர். பின்னர் இலண்டன் கிரேஸ் இன்னில் பாரிஸ்டரானார். 1928இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்து, 1935இல் அதன் முதல்வரானார். தண்ணீர் மறுக்கப்பட்டவர், அடுத்த தலைமுறை வழக்கறிஞர்களை உருவாக்கும் பொறுப்பில் அமர்ந்தார். மறு ஆண்டே சட்டக் கல்விச் சீர்திருத்தம் குறித்து விரிவாக எழுதினார்.

சென்னையில் சட்டப் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. ஆனால் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் வாயிலில் ஆங்கில நுழைவுத் தேர்வும் இலட்சங்களில் கட்டணமும் காவல் நிற்கின்றன. பானை மாறியிருக்கிறது, தடை மாறவில்லை.