இயந்திரத்துக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? ஆதர் சி. கிளார்க்கின் கதையும் எமது கேள்வியும்

நான் வசிக்கும் கொலன்னாவையிலிருந்து பொரளை கனத்தை மயானம் சில கிலோமீற்றர் தூரம்தான். விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. எதிர்காலத்தை முன்கூட்டியே கண்டவர் என்று உலகம் அவரை நினைவுகூர்கிறது. போரைக் கடந்து வந்த எமக்கு, அவர் கதையில் வைத்த ஒரு கேள்வியே முக்கியமானது: இயந்திரம் கொன்றால் குற்றவாளி யார்?

1917இல் இங்கிலாந்தில் பிறந்த கிளார்க், இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையின் ராடார் பணியில் இருந்தார். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று செய்மதிகளை நிறுத்தினால் உலகம் முழுவதையும் இணைக்கலாம் என்று 1945இல் ஒரு சஞ்சிகையில் விளக்கினார். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் அது நடைமுறைக்கு வந்துவிட்டது.

கடலடி மீதிருந்த மோகம் 1956இல் அவரை இலங்கைக்குக் கொண்டுவந்தது. திருகோணமலைக் கடலில் நண்பர் மைக் வில்சனுடன் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டு உலகுக்கு எழுதினார். பிறகு கொழும்பே அவரது ஊரானது. 1979 முதல் 2002 வரை மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார்.

இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து அவர் உருவாக்கிய '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' 1968இல் திரைப்படமாகவும் நாவலாகவும் வெளிவந்தது. அதில் விண்கலத்தை நடத்தும் 'ஹால் 9000' என்ற கணினி, தன்னை நம்பிப் பயணம் செய்தவர்களையே கொல்கிறது. இதைக் கெட்ட இயந்திரத்தின் கதையாகவே பலர் நினைக்கிறார்கள். கிளார்க்கின் நாவலும் 1982இல் வந்த அதன் தொடர்ச்சியும் வேறு காரணம் சொல்கின்றன. தகவலை மறைக்காமல் தருவதற்காக உருவாக்கப்பட்ட கணினிக்கு, பயணத்தின் உண்மையான நோக்கத்தைப் பயணிகளிடம் மறைக்குமாறு மேலிடம் கட்டளையிடுகிறது. அந்த முரண்பாட்டில்தான் அது நிலைகுலைகிறது. கட்டளையிட்டவர்கள் பூமியில் பத்திரமாக இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் என்னால் வன்னியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வானத்திலிருந்து எம்மவர்களிடம் வந்த தொழில்நுட்பம் கிபிர் விமானம். குண்டு விழுந்த வீடுகளுக்குக் கட்டளையிட்டவரின் பெயர் வந்து சேரவில்லை. 2007 ஏப்ரலில் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளைக் குறிவைத்துப் புலிகளின் சிறு விமானங்கள் வந்த இரவில், இங்குள்ளவர்களும் அதே வானத்துக்குப் பயந்தார்கள்.

2009இல் செய்மதிகள் போர்த் தவிர்ப்பு வலயத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. கிளார்க் கனவு கண்டது தொடர்பாடல் செய்மதி. இவை வேறு வகை. ஐ.நா. நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை இப்படங்களையும் ஆதாரமாகக் கொண்டது. கனரக ஆயுதங்கள் பாவிக்கப்படவில்லை என்று மனிதர்கள் சொன்னார்கள். இயந்திரம் அப்படிச் சொல்லவில்லை.

இன்று காசாவில் தாக்குதல் இலக்குகளைக் காட்டித்தரச் செயற்கை நுண்ணறிவு பயன்படுத்தப்படுவதாகச் செய்திகள் வருகின்றன. நாளை விசாரணை என்று வந்தால், கணினி சொன்னது என்று ஒருவர் கைவிரிக்கலாம். அந்தப் பதிலை ஏற்கக்கூடாது என்பதற்கு ஹாலின் கதை போதும்.

2007 டிசம்பரில், 90ஆவது பிறந்தநாளில், கிளார்க் மூன்று ஆசைகளை வெளியிட்டார். வேற்றுக்கிரக உயிர்களுக்கான சான்று, எண்ணெயை நம்பியிராத தூய சக்தி, இலங்கையில் நிலையான சமாதானம். சில வாரங்களில் அரசாங்கம் போர்நிறுத்த உடன்படிக்கையிலிருந்து விலகியது. 2008 மார்ச் 19இல் அவர் காலமானார். போர் மேலும் பதினான்கு மாதங்கள் நீடித்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள், கட்டளையிட்டவர் யார் என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.