ஏழாலை தந்த கதாசிரியர் இலங்கையர்கோன்

தேவாரம் ஓதிப் பழகிய எமது இளைஞர்களுக்கு இலங்கையர்கோன் என்னும் பெயர் புதிதன்று. திருஞானசம்பந்தப் பெருமான் தமது பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டிலே, கயிலையை எடுக்க முயன்று நெரிபட்டுப் பின் அருள் பெற்ற இராவணனை நினைவுகூருவார். அவனுக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று இது. அதனையே புனைபெயராகப் பூண்டு கதை எழுதிய ஒருவர் எமது குடாநாட்டில் வாழ்ந்தார். த. சிவஞானசுந்தரம் என்பது அன்னாரின் இயற்பெயர். 1915 இல் ஏழாலையிற் பிறந்து 1961 இல் மறைந்தார். வாழ்ந்தது 46 ஆண்டுகளே.

ஈழத்துச் சிறுகதையின் தொடக்கத்தைப் பேசுவோர் இவரையும் சி. வைத்தியலிங்கத்தையும் சம்பந்தனையும் ஒருசேர வைத்துக் கூறுவர். மூவரும் 1930 களில் எழுத வந்தவர்கள். அக்காலத்தில் எமது ஊர்களிலே கதை எழுதுவது பெரிய மதிப்புள்ள காரியமன்று. நாவலர் பெருமான் திருத்திவைத்த வசனநடை இருந்தது. இலக்கணமும் புராணமும் சொல்லிக் கொடுக்கப் பண்டிதர்கள் இருந்தார்கள். பொய்க்கதை படித்தாற் பிள்ளை கெடும் என்று அஞ்சிய பெரியோரும் இருந்தார்கள். அவர்கள் அச்சம் முற்றும் தவறென்று நாம் சொல்ல வரவில்லை. அன்று மலிவாகக் கிடைத்த துப்பறியும் நாவல்கள் சிலவற்றைப் பார்த்தால் நாமும் அப்படித்தான் அஞ்சுவோம்.

இலங்கையர்கோனுக்கு முதலில் இடங்கொடுத்தது சென்னைக் கலைமகள். அவர் முதலில் எழுதிய கதை மரியா மதலேனா. ஏழாலை இளைஞர் ஒருவர் விவிலியத்துப் பெண்ணொருத்தியை முதற் கதைக்குப் பொருளாகக் கொண்டது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆங்கிலங் கற்று, மேனாட்டுக் கதைகளை ஆர்வத்தோடு படித்த உள்ளம் அது. படித்தவற்றிலிருந்தே எழுதத் தொடங்கிற்று. புராணத்திலிருந்தும் சரித்திரத்திலிருந்தும் கதைப்பொருள் எடுத்தார். ருசிய எழுத்தாளர் துர்க்கனேவின் முதற்காதலைத் தமிழாக்கினார். அந்தத் துர்க்கனேவ் பெரும்பாலும் எழுதியது தம் நாட்டு மனிதரைப் பற்றியே. அயல்நாட்டுக் கதையைப் படித்துப் படித்தே இவரும் தம் வீட்டு வாசலுக்குத் திரும்பினார் என்பது எமது துணிபு.

அப்படித் திரும்பியதன் பயனை அறிய விரும்புவோர் வெள்ளிப் பாதசரம் என்னும் கதையைப் படிக்க வேண்டும். புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வாரைத் தரிசிக்கப் போகும் சனக்கூட்டத்தையும், கால் புதையும் மணலையும், கடற்றீர்த்தத்தையும் அறியாதவர் எம்மில் யார்? அந்தக் கோயிலுக்கு இளந்தம்பதிகள் இருவர் மாட்டுவண்டி கட்டிப் போகிறார்கள். மனைவியின் வெள்ளிப் பாதசரங்களில் ஒன்று தொலைந்துவிடுகிறது. கணவன் கோபித்துக் கொள்கிறான். வீடு திரும்பும் வழியிலே அந்தக் கோபம் கரைகிறது. கதை இவ்வளவுதான். கொடியவன் எவனும் இல்லை, உபதேசம் இல்லை, விதியின் விளையாட்டென்று ஆசிரியர் இடையிற் புகுந்து புலம்பவும் இல்லை. பாடுபட்டுத் தேடிய பணத்தின் அருமை தெரிந்தவனுக்கு வரும் கோபமும், ஆசை மனைவியின் வாடிய முகத்தைக் கண்டால் அவனுக்கு வரும் இரக்கமும் இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக் காட்டினார். எமது மலருக்கென்று வரும் கதைகளிற் பாதியில் யாரேனும் ஒருவர் கடைசிப் பந்தியில் இறந்துவிடுகிறார். அவற்றை எழுதும் தம்பிமார் தங்கைமார் இக்கதையை ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது நலம்.

உத்தியோகத்தில் அவர் காரியாதிகாரி. இன்றைய பிரதேச செயலாளருக்கு முன்னோடியான பதவி அது. காணி வழக்கும் ஊர்ப் பிணக்கும் நாளெல்லாம் வந்து குவியும். விதானைமாரை மேற்பார்வை செய்ய வேண்டும். அந்த உத்தியோகம் எழுத்துக்கு நேரத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் ஊர்ச் சனங்கள் எப்படிப் பேசுவார்கள், எதை மறைப்பார்கள் என்பதை அதைவிட நன்றாகக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் வேறெது? இலங்கை வானொலியில் ஒலித்த விதானையார் வீட்டில் என்னும் நாடகம் யாழ்ப்பாணத்துப் பேச்சை உள்ளபடியே கேட்கச் செய்தது. 1963 இல் விதானைப் பதவியே ஒழிந்தது. அந்தத் திண்ணையும் அதிகாரமும் இன்று நாடகத்தில்தான் உண்டு.

இனிச் சொல்ல வேண்டியது வருத்தமான செய்தி. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் எழுதியவர் தமது சிறுகதைகள் ஒரு தொகுதியாக வந்ததைக் கண்ணாற் காணவில்லை. கதைகள் கலைமகளிலும் ஈழகேசரியிலும் பிற ஏடுகளிலும் சிதறிக் கிடந்தன. ஒரு வாரம் வாசித்த பத்திரிகை மறுவாரம் சரை சுற்றப் போகும் ஊர் எமது ஊர். அவர் மறைந்த மறு ஆண்டு, 1962 இல், வெள்ளிப் பாதசரம் என்ற பெயரிலேயே தொகுதி வெளிவந்தது. அது வந்திராவிட்டால் என்னவாகியிருக்கும்? 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பின்வந்த இடப்பெயர்வுகளில் வீட்டுப் பெட்டகங்களில் இருந்தவையும் போயின. நூலுருப் பெற்றதனாலேயே அக்கதைகள் பிழைத்தன.

அத்தொகுதியிற் சேராத கதைகளும் உள. பழைய ஈழகேசரி, கலைமகள் கட்டுகள் எந்தப் பெரியவர் வீட்டுப் பரணிலேனும் இருப்பின், சங்கத்துக்குச் சொல்லியனுப்பினாற் போதும். நாமே வந்து பார்த்துப் பிரதி செய்துகொண்டு, கட்டைத் திரும்பவும் அந்தப் பரணிலேயே வைத்துவிடுகிறோம்.