விண்மீன்களைக் கணக்கெடுத்த கருவூல எழுத்தர்

சென்னைக்கு வடக்கே, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் அணைத்திருக்கும் மணற்பரப்பு காட்டுப்பள்ளி. அங்கிருந்து பழவேற்காடு வரை நீளும் மீனவர் குப்பங்களில், கடிகாரம் புகுமுன்பே காலம் காட்டி நின்றவை விண்மீன்கள். விடிவெள்ளியும் அறுமீனும் எழும் வேளையறிந்து வலையோடு புறப்பட்ட முன்னோர் கையில் கருவி ஏதும் இருந்ததில்லை. 2013ஆம் ஆண்டு அங்கே துறைமுகம் திறக்கப்பட்டபின் அக்கரையின் இரவில் விளக்கொளி மிகுந்துவிட்டது. எனினும் கடல் பக்கம் திரும்பி நின்றால் வானம் இன்றும் விரிந்தே கிடக்கிறது. அக்கரையிலிருந்து கல்லூரிக்கு வரும் ஓர் ஏழை மாணவர், தம்மைப் போன்றோருக்கும் வானியல் கைகூடுமா என்று வினவுவாராயின், அவருக்கு எடுத்துரைக்கத்தக்க வாழ்க்கை வரலாறு ஒன்று உண்டு. அது வங்கத்து வானியல் அன்பர்கள் நன்கறிந்த இராதா கோவிந்த சந்திரரின் வரலாறு.

சந்திரர் 1878ஆம் ஆண்டு, இன்று வங்காளதேசத்தில் அமைந்துள்ள ஜெசூர் நகரையடுத்த பாக்சர் என்னும் சிற்றூரில் பிறந்தார். பள்ளிப் பருவத்தில் அட்சய குமார் தத்தரின் பாடநூலில் அண்டத்தின் பெருமை பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தார். அன்று பற்றிய வான் வேட்கை இறுதிவரை அவரை விடவில்லை. ஆனால் ஏட்டுக் கல்வி அவருக்குக் கைகொடுக்கவில்லை. கல்லூரியின் வாயிலாகிய நுழைவுத் தேர்வில் மூன்று முறை தோற்றார். அத்தோடு படிப்பு நின்றது. ஜெசூர் ஆட்சியர் அலுவலகக் கருவூலத்தில், தொடக்கத்தில் மாதம் 15 ரூபாய் ஊதியத்தில், நாணயங்களை எண்ணிச் சரிபார்க்கும் பணியில் அமர்ந்தார்.

பகலில் காசு எண்ணியவர் இரவில் விண்மீன்களை இனங்கண்டார். அவ்வூர் வழக்கறிஞர் காளிநாத் முகர்ஜி விண்மீன் வரைபடங்கள் தயாரிப்பதில் ஈடுபட்டிருந்தார். அவரது துணையால் ஒவ்வொரு மண்டலத்தையும் வெறுங்கண்ணாலேயே சந்திரர் கற்றுத் தேர்ந்தார். 1910ஆம் ஆண்டு ஹேலி வால்மீன் தோன்றியபோது சிறிய இரட்டைக்கண் நோக்கி ஒன்றின் உதவியால் அதனை உற்றுநோக்கிக் குறிப்பெழுதினார். சாந்திநிகேதனின் அறிவியல் எழுத்தாளர் ஜகதானந்த ராய் இவரது உழைப்பை அறிந்து, தொலைநோக்கி ஒன்று வாங்குமாறு ஊக்கினார். 1912ஆம் ஆண்டு, இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றைச் சந்திரர் வருவித்தார். விலை 160 ரூபாய்க்கு மேல். அவர் பணியேற்றபோது பெற்ற மாத ஊதியத்தைப் போலப் பத்து மடங்கைவிட அது அதிகம்.

இத்தகைய கருவி முதல் இரவில் எதைக் காட்டும்? நிலவின் முகத்தில் பள்ளங்களும் மலை நிழல்களும் தெரியும். வியாழனின் அருகே நான்கு துணைக்கோள்கள் வரிசையாய் நிற்கும். சனியின் வளையம் புலப்படும். கூடவே சில ஏமாற்றங்களும் காத்திருக்கும். காட்சி தலைகீழாய்த் தெரியும். குறிவைத்த பொருள், புவியின் சுழற்சியால், ஓரிரு நிமிடங்களில் பார்வைப் புலத்தை விட்டு நழுவும். கண் இருளுக்கு முழுதும் பழக அரைமணி நேரம் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, விண்மீன் எத்துணை உற்றுநோக்கினும் புள்ளியாகவே நிற்கும். புதியவர் பலர் நிலவையும் சனியையும் கண்டு களித்தபின், கருவியைப் பெட்டியில் பூட்டிவிடுவது இதனாலேயே. சந்திரரோ அந்தப் புள்ளிகளிடமே தம் வாழ்நாளை ஒப்படைத்தார்.

விண்மீன்கள் சில ஒரே ஒளியில் நிற்பதில்லை. திமிங்கில மண்டலத்து மீரா ஏறத்தாழ 11 மாதங்களுக்கு ஒருமுறை ஒளிர்ந்து மங்குகிறது. இத்தகைய மாறொளி மீன்களை அளக்கும் முறை எளிது. ஒளியளவு அறியப்பட்ட இரு அண்டை மீன்களைத் தேர்ந்து, அவற்றுள் ஒன்றினும் மங்கலாய், மற்றதினும் பொலிவாய் நாம் காணும் மீன் எந்த இடத்தில் நிற்கிறதெனக் கணித்து, நாளும் நேரமும் குறித்து வைக்க வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் அப்துர் ரஹ்மான் அல் சூஃபி, தாலமியின் பட்டியலைத் தம் கண்ணாலேயே சரிபார்த்து, விண்மீன்களின் ஒளியளவைத் திருத்தி எழுதியதும் இத்தகைய ஒப்பீட்டாலேயே. வானங்களின் படைப்பைச் சிந்திக்குமாறு திருமறை விடுக்கும் அழைப்பை அறிந்த நம்மவர்க்கு இவ்வுழைப்பின் அருமை தனியே சொல்ல வேண்டுவதன்று.

1918ஆம் ஆண்டு ஜூன் மாதம் கழுகு மண்டலத்தில், வழக்கத்தில் இல்லாத பேரொளி மீன் ஒன்றைச் சந்திரர் கண்டார். நாம் திருவோணம் என்று வழங்கும் மீன் இம்மண்டலத்தைச் சேர்ந்தது. மேலைநாட்டார் அதனை அழைக்கும் அல்தாயிர் என்னும் பெயர், பறக்கும் கழுகைக் குறிக்கும் அரபுத் தொடரிலிருந்து வந்தது. சந்திரர் கண்டது நோவா எனப்படும் புதுமீன். மங்கலாய்க் கிடந்த மீன் திடீரென வெடித்தொளிரும் நிகழ்ச்சி அது. அந்நூற்றாண்டில் தோன்றிய நோவாக்களுள் ஒளிமிக்கது அதுவே. மண்டலத்தின் ஒவ்வொரு மீனையும் முன்பே மனத்தில் பதித்திருந்ததால்தான் புதியது எதுவென்று அவருக்குப் புலப்பட்டது. இச்செய்தியை அவர் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்துக்கு எழுத, அதன் இயக்குநர் பிக்கரிங் ஊக்கமூட்டினார். மாறொளி மீன் நோக்குநரின் அமெரிக்கச் சங்கத்தோடு தொடர்பு மலர்ந்தது.

1919 முதல் 1954 வரை சந்திரர் அச்சங்கத்துக்கு அனுப்பிய நோக்கீடுகள் 37,215. ஆண்டொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேல். வங்கத்தின் மழைக்கால இரவுகளையும் மறுநாள் அலுவலகத்தையும் எண்ணிப் பார்த்தால் இத்தொகையின் பின்னுள்ள கண்விழிப்பு விளங்கும். பெரிய வானாய்வகங்களின் கருவிகள் நூற்றுக்கணக்கான மீன்களை இரவுதோறும் காத்திருக்க இயலாது. அக்குறையை நிறைவு செய்தோர் இவரைப் போன்ற ஆர்வலரே. 1926ஆம் ஆண்டு அச்சங்கம் ஆறேகால் அங்குலத் தொலைநோக்கி ஒன்றை இவரது பயன்பாட்டுக்கு அனுப்பியது. 1928இல் பிரெஞ்சு அரசும் இவரைச் சிறப்பித்தது.

பின்னர் நாட்டுப் பிரிவினை வந்தது. பிறந்த மண்ணை விட்டு மேற்கு வங்கம் சேர்ந்தார். முதுமையில் வறுமையும் சூழ்ந்தது. 1975ஆம் ஆண்டு மறைந்தார். ஆனால் கடல் கடந்து அவரிடம் வந்த கருவியின் பயணம் முடியவில்லை. அது வானியல் அறிஞர் வைணு பாப்புவிடம் ஒப்படைக்கப்பட்டு, நம் தமிழகத்தின் ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தை அடைந்தது. சென்னையில் 1927இல் பிறந்த பாப்பு, ஐதராபாத்தின் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றிய தந்தையிடம் வானைக் கற்றவர். காவலூரில் 1968இல் நோக்குப்பணி தொடங்கியதும் அவரது முயற்சியாலேயே.

தொலைநோக்கி கிடைத்த முதல் இரவு எவரையும் வியப்பில் ஆழ்த்தும். அந்த வியப்பு அடங்கிய பின்னும், ஆயிரமாவது இரவில் அதே புள்ளியை அதே கவனத்தோடு நோக்கி, கண்டதைக் கண்டபடி எழுதி வைப்பவரிடமே அறிவு வளர்கிறது. மூன்று முறை தேர்வில் தோற்றவர் என்பது சந்திரர் வரலாற்றில் ஒரு வரி மட்டுமே. தேர்வு முடிவுகளால் மனந்தளரும் மாணவச் செல்வங்கள் அதற்கடுத்த வரிகளையும் படிக்க வேண்டும். காட்டுப்பள்ளிக் கடற்கரையில் நிலவில்லா இரவொன்றில், ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும், தொடங்குவதற்கு. கருவி பின்னர் வரட்டும்.